பதில் இல்லாத மஞ்சள் அட்டை

மழைக்காலத்துக் காகிதம் பிள்ளைத்தாச்சி மாதிரி, அதை அதட்டவும் கூடாது, அவசரப்படுத்தவும் கூடாது என்பார் மிஷின்காரர். ஈரக்காற்றைக் குடித்து ஓரமெல்லாம் உப்பி நிற்கும் தாளைக் கட்டுக் கட்டாக எடுத்து, விசிறிபோல் விரித்து உதறி, மேசையில் நாலு பக்கமும் தட்டி நேராக்கி, அதற்குப் பிறகுதான் மிஷினுக்குக் கொடுப்பார். ஆனால் அந்த வருடம் காகிதம் மட்டும்தான் உப்பி நின்றது. மிஷின் சும்மா நின்றது.

கீழே அச்சகம், மேலே வீடு. மற்ற வருடங்களில் இந்த மாதத்தில் பேசினால் காது கேட்காது. அவர்கள் அச்சடித்தது ஒரே சரக்கு: மஞ்சள் அட்டை. முகப்பில் அதற்கு நீளமாக ஒரு பெயர் போட்டிருந்தது. அதை யாரும் உச்சரித்ததில்லை. கடையில் போய், "ஒன்பதாவது அறிவியலுக்கு மஞ்சள் அட்டை குடுங்க" என்றால் போதும், எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பாடத்தில் வரக்கூடிய எல்லாக் கேள்விகளும், அவற்றுக்குக் கீழேயே பதில்களும். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இரண்டு வரி, ஐந்து மதிப்பெண்ணுக்கு ஐந்து குறிப்பு. கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. அட்டையில் 'அனுபவம் மிக்க பேராசிரியர் குழு தயாரித்தது' என்று இருக்கும். அந்தக் குழு பெரும்பாலும் மாடியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்.

குழு என்பது அச்சகக்காரரின் மனைவி ஒருவர்தான். ஆசிரியர் பயிற்சி முடித்தவர். பிரசவ விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாக ஒரே ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். பிறகு கல்யாணம், அச்சகம், ஒரு மகள். ஆனாலும் அந்த ஒரு வருடத்தை வைத்தே தெருவே அவரை டீச்சரம்மா என்றது. பத்தொன்பது வருடமாக அவர் எழுத, கணவர் அச்சுக் கோர்க்க, மிஷின்காரர் அடிக்க, பைண்டிங் அக்கா மடித்துப் பின் அடிக்க, மூன்று வீட்டு அடுப்பு அந்த மஞ்சள் அட்டையில்தான் எரிந்தது.

மழைக்கு முந்திய மாதம் ஒரு காலையில் அச்சகக்காரர் இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே வந்தார்.

"விஷயம் தெரியுமா? இந்த வருஷத்துலேர்ந்து பரீட்சை ஹாலுக்குள்ள புத்தகம் எடுத்துட்டுப் போலாமாம். நோட்டு எடுத்துட்டுப் போலாமாம். போனே எடுத்துட்டுப் போலாமாம்!"

"யாரோ உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க."

"பேப்பர்ல போட்டிருக்கான். யோசிச்சுப் பாரு. இது வரைக்கும் பிள்ளைங்க நம்ம அட்டையை வீட்டுல வச்சுப் படிச்சுது. இனிமே ஹாலுக்குள்ளயே கொண்டு போயிப் பாத்து எழுதும். ரெண்டு பிள்ளைங்க சேந்து ஒன்னே ஒன்னு வாங்கின இடத்துல இனி ஆளுக்கொன்னு வாங்கியே ஆகணும். நமக்கு அடிச்சுது யோகம்!"

அன்று மத்தியானமே காகிதத்துக்குச் சொல்லிவிட்டார். இரண்டு வண்டி வந்து இறங்கியது. சுவரோரம் பலகை போட்டுக் கூரை தொடுகிற மாதிரி அடுக்கினார்கள். மிஷின்காரர் மட்டும் கூரையைப் பார்த்து, வானத்தை நினைத்து, உதட்டைப் பிதுக்கினார்.

பத்து நாள் கழித்து மகள் பள்ளியிலிருந்து மாதிரி வினாத்தாளைக் கொண்டுவந்தாள். அவளும் ஒன்பதாவதுதான், புதிய முறையின் முதல் வரிசைப் பிள்ளைகளில் ஒருத்தி. ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டே படித்துக் காட்டினாள்.

"முதல் கேள்வி. வீட்டுல செஞ்சு பாத்துட்டு வந்து ஹால்ல எழுதணுமாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ தண்ணீர் வீணாகும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, ஒரு நாளைக்கு எவ்வளவு வீணாகிறது என்று அளக்கவும். எப்படி அளந்தீர்கள்?"

"சரி," என்றார் அச்சகக்காரர் எச்சரிக்கையாக.

"அளந்தபோது நீங்கள் செய்த தவறு என்ன? அதைத் தவறு என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அஞ்சு மார்க்."

"தப்புக்கு மார்க்கா?"

"ஆமாப்பா. அஞ்சு."

"நான் படிச்ச காலத்துல இந்தச் சட்டம் இருந்திருந்தா ஊருக்கே நான்தான்டி முதல்!"

மகள் வாயில் இருந்த பால் மூக்கில் ஏறச் சிரித்தாள். டீச்சரம்மா சிரிக்கவில்லை. தாளை வாங்கி மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார். பத்துக் கேள்விகள். ஒன்றுக்கும் மஞ்சள் அட்டையில் பதில் இல்லை. இருக்கவும் முடியாது. கேள்வி தெருவில் இருந்தது, பதில் அவரவர் வீட்டில் இருந்தது.

"என்ன மூஞ்சி இப்படிப் போவுது?" என்றார் கணவர்.

"ஹாலுக்குள்ள எதை வேணா எடுத்துட்டுப் போகச் சொன்னது ஏன்னு இப்பதான் புரியுது. எதை எடுத்துட்டுப் போனாலும் பிரயோஜனம் இல்லைங்க, அதான்."

மூன்றாம் நாள் அச்சகக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வந்தால் முதலில் காதைச் சொறிவார்.

"அவங்க கேள்விய மாத்தினா நாம பதிலை மாத்துவோம். பன்னண்டு வீடு, பன்னண்டு குழாய், பன்னண்டு விதமான தப்பு. நீயே எழுது. பிள்ளைங்க அதுல ஒன்னைப் பாத்து எழுதிக்கட்டும்."

"இல்லாத வீட்டுக் குழாயை நான் எப்படிங்க அளக்கறது?"

"இல்லாத பேராசிரியர் குழுவை வச்சுப் பத்தொன்பது வருஷம் ஓட்டலையா?"

டீச்சரம்மா பேனாவை எடுத்தார். உட்கார்ந்து எழுதினார். முதல் வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் மனம் வைத்து எழுதினார்: குளியலறைக் குழாய், நிமிடத்துக்கு இருபத்து நாலு சொட்டு, கீழே ஒரு நீல வாளி, வாளியைச் சற்றுத் தள்ளி வைத்ததால் நேர்ந்த தவறு. மற்றவற்றை அடுப்பில் கொதிக்கிற தண்ணீரைப் பார்த்தபடியே எழுதி முடித்தார். சின்னப் புத்தகம், வழக்கமான மஞ்சள் அட்டை. கடைகளில் போட்ட ஒரு வாரத்தில் தீர்ந்தது. மிஷின்காரர் வானத்தைப் பார்ப்பதை நிறுத்தினார்.

அடுத்த வாரம் மகள் மாலையில் வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, எங்க கிளாஸ்ல எத்தனை வீட்டுல நீல வாளி இருக்கு தெரியுமா?"

டீச்சரம்மா மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பதினேழு வீட்டுல. பதினேழு வீட்டுலயும் குளியலறைக் குழாய்தான் ஒழுகுது. பதினேழு வீட்டுலயும் கரெக்டா இருபத்து நாலு சொட்டு. பதினேழு பேரும் வாளியைக் கொஞ்சம் தள்ளி வச்சுட்டாங்க. மிஸ் ஒன்னொன்னா எடுத்துப் படிச்சாங்க. அஞ்சாவது வாளி வந்தப்பவே கிளாஸே உருண்டு புரண்டு சிரிக்குது."

"நீயும் சிரிச்சியா?"

"நான்தான்மா முதல்ல சிரிச்சேன். அப்புறம் எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தாங்க."

டீச்சரம்மா படியில் இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே கட்டிங் மிஷின் 'சரக்'கென்று எதையோ வெட்டியது.

"நீ எதை எழுதின?"

"நம்ம கீழ்க் குழாயைத்தான். டம்ளர் வச்சு அளந்துட்டிருந்தேன். நடுவுல மிஷின் மாமா வந்து கை கழுவிட்டாரு. டம்ளர் ரொம்பிடுச்சு. அதைத்தான் தப்புனு எழுதினேன். நாலு மார்க்."

"ஒரு மார்க் ஏன் குறைஞ்சுது?"

"அது என் தப்பு இல்லையாம். மிஷின் மாமா தப்பாம்."

பிறகு மகள் தலையை அம்மா தோளில் சாய்த்துக்கொண்டாள். கோபம் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். ஆனால் அந்தத் தலையின் பாரம் டீச்சரம்மாவுக்குப் பத்து நாள் இறங்கவில்லை.

மறுநாள் மழை ஊற்றிக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியை அச்சகத்துக்கே வந்துவிட்டார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, நனைந்த புடவைக் கொசுவத்தைப் பிழிந்துகொண்டே உள்ளே பார்த்தார்.

"பேராசிரியர் குழுவைப் பாக்கணும்."

அச்சகக்காரர் எழுந்து நின்றார். "அவங்க... வெளியூர்ல..."

"நான்தாங்க குழு," என்றார் டீச்சரம்மா, பசைக் கையைத் துடைத்துக்கொண்டு. "வாளி விஷயமா வந்திருக்கீங்க. திட்டறதுன்னா உக்காந்து திட்டுங்க. டீ போடச் சொல்றேன்."

ஆசிரியை சிரித்துவிட்டார். நாற்காலியில் இருந்த அட்டைக் கட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

"நானும் மஞ்சள் அட்டை படிச்சுத்தாங்க பாஸ் பண்ணேன். நாலாம் பாடத்து அஞ்சு குறிப்பும் இன்னைக்கும் எனக்கு மனப்பாடம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அதனால உங்களைத் திட்ட எனக்கு வாய் வராது."

"அப்புறம்?"

"உதவி கேக்க வந்தேன். பதிலுக்கு இப்ப பஞ்சமே இல்லீங்க. போன்ல கேட்டா மூச்சு விடறதுக்குள்ள பத்து பதிலைக் கொட்டுது. கேக்கத்தான் ஆள் இல்ல. வளந்து வேலைக்குப் போறப்ப இந்தப் பிள்ளைங்க முன்னாடி என்ன வந்து நிக்கும்னு நமக்கே தெரியாது. எதுவா இருந்தாலும், அதைப் பாத்து 'இது ஏன் இப்படி'னு கேக்கவாவது தெரியணுமில்ல? உனக்கு என்ன சந்தேகம்னு கேட்டா, 'எத்தனை வரி எழுதணும் மிஸ்'னு கேக்குதுங்க. பிள்ளைங்களைச் சொல்லிக் குத்தமில்ல, எனக்கே கேக்க வரலை. நேத்து நான் ஒரு கேள்வி தயார் பண்ணேன். பாத்தா அது நாலாம் பாடத்துல இருக்கு."

டீ வந்தது. ஊதிக் குடித்தபடி அவர் விஷயத்துக்கு வந்தார்.

"கேள்வி மட்டும் இருக்கற ஒரு புத்தகம் போடுங்க. பதில் வேணாம். பக்கத்துல எழுத வெத்து இடம் விடுங்க. எங்க பள்ளிக்கூடமும் வாங்கும், பக்கத்துல இருக்கறதுங்களும் வாங்கும்."

அவர் போன பிறகு அச்சகக்காரர் வெகுநேரம் மழையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதில் இல்லாத புத்தகம். வெத்துத் தாளை வித்தவன்னு எனக்குப் பேர் வாங்கிக் குடுக்கப் பாக்கறீங்க ரெண்டு பேரும்."

"நான் ஒன்னும் சொல்லலையே."

"உன் மூஞ்சி சொல்லுது. இங்க பாரு, பிஸ்கட் கம்பெனிக்காரன் லேபிள் அடிச்சுக் குடுன்னு கேக்கறான். லேபிள்ல கேள்வியும் கிடையாது, பதிலும் கிடையாது. மூணு வீட்டுல சோறு வேகும்."

"மழை விடற வரைக்கும் டைம் குடுங்க. அதுவரைக்கும் எப்படியும் இந்தக் காகிதம் மிஷினுக்கு ஆகாது."

அவர் காதைச் சொறிந்தார். "மழை விடற வரைக்கும்தான்."

மறுநாள் வீடு கழுவி, சமையல் முடித்து, டீச்சரம்மா சன்னலோரம் உட்கார்ந்தார். பேனா, தாள், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். வகுப்புக்கு முதல்நாள் போகிறவர்போல் தலையைக்கூட வாரிக்கொண்டிருந்தார். 'ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?' என்று எழுதி அடித்தார். 'இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது?' என்று எழுதி அதையும் அடித்தார். எந்தக் கேள்வியை எழுதினாலும் அதன் பதில் ஏற்கெனவே பேனா முனையில் வந்து உட்கார்ந்திருந்தது, ஐந்து குறிப்புகளோடு. பதிலைத் தெரிந்து வைத்துக்கொண்டு கேட்பதை மட்டும்தான் அவர் இத்தனை காலமும் கேள்வி என்று நினைத்திருந்தார்.

அந்த ஒரு வருட வேலை ஞாபகம் வந்தது. கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், மண்புழுவுக்கு வலிக்குமா?" என்று கேட்டாள். அவருக்குத் தெரியாது. "அது சிலபஸ்ல இல்ல, உக்காரு" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வருடம் முடிகிற வரை அவள் எழுந்திருக்கவே இல்லை.

பேனாவை மூடி வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

பைண்டிங் அக்கா பழைய தாள்களைச் சின்ன நோட்டுகளாக மடித்துக்கொண்டிருந்தார். சும்மா இருந்தால் கை மரத்துப் போகும் என்று அவர் எதையாவது மடித்துக்கொண்டேதான் இருப்பார். ஒரு மடிப்பு, மடிப்பு படிய எலும்புக் கத்தியால் ஒரு தேய்ப்பு, தட்டிப் புரட்டல். கண் வேறெங்கோ இருக்கும், கை தன் வேலையைச் செய்யும். டீச்சரம்மாவும் எதிரே உட்கார்ந்து ஒரு தாள்கட்டை எடுத்துக்கொண்டார்.

"என்ன டீச்சரம்மா, கேள்வி வரலையா?"

"ஒன்னு கூட வரலைக்கா."

"எங்க வீட்டுக்கு வாங்க, மூட்டை கட்டித் தர்றேன்." அக்கா தலை நிமிராமலே சொன்னார். "எங்க மாமியாருக்கு மூணு டாக்டரு. ஒருத்தர் சாப்பாட்டுக்கு முன்னாடி மாத்திரைங்கறாரு, ஒருத்தர் சாப்பிட்ட பின்னாடிங்கறாரு, ஒருத்தர் மூணு வேளைங்கறாரு. அவங்க சாப்பிடறதே ஒரு வேளை. இப்ப முன்னாடின்னா எதுக்கு முன்னாடி? பின்னாடின்னா எதுக்குப் பின்னாடி? மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க மாட்டாங்க. நடுவுல நான் நின்னு முழிக்கறேன்."

"யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"யாரைக் கேக்கணும்னு தெரிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட சொல்றேன்?"

டீச்சரம்மாவின் கையில் மடிப்பு பாதியில் நின்றது. இதற்குத் தனக்குப் பதில் தெரியாது என்பது அவருக்குச் சுருக்கென்று உறைத்தது. கூடவே ஒரு சந்தோஷம். மடித்துக்கொண்டிருந்த தாளிலேயே எழுதினார்: 'ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறவர், மூன்று மருத்துவர் சொன்ன மூன்று விதமான மருந்தை எப்போது சாப்பிட வேண்டும்? இதை யாரிடம், எந்த வரிசையில் கேட்பீர்கள்?'

"அடப் பாவமே, இதெல்லாம் புத்தகத்துல போடுவாங்களா?" என்றார் அக்கா.

"போடுவாங்க. இன்னொன்னு சொல்லுங்க."

இரண்டு பேரும் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்த மிஷின்காரர், எண்ணெய்த் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நெருங்கி வந்தார். அவருக்கு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். எல்லோரும் அதை அவர் சுபாவம் என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கேள்வி சேக்கறீங்களாம்மா? எங்கிட்ட ஒன்னு இருக்கு. போன வருஷம் பேத்தி வந்து, 'தாத்தா, மழை பெய்யற சத்தம் கேக்குதா'னுச்சு. எனக்குக் கேக்கலை. தெரு நனைஞ்சிருக்கறதைப் பாத்துதான் மழைன்னு தெரிஞ்சுக்கறேன். இது வயசா, மிஷினா? எவ்வளவு சத்தம் வரைக்கும் காது தாங்கும்? அதை யாரு அளக்கறது?"

பக்கத்து அறையில் பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்த அச்சகக்காரர் பேப்பரை இறக்கினார்.

"இத்தனை நாளா ஏன்யா சொல்லலை?"

"யாரும் கேக்கலையே முதலாளி."

அன்று மாலையே மகள் போனில் சத்தம் அளக்கிற செயலி ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டு, மிஷினை ஓடவிட்டு, கிட்டேயும் தள்ளியும் நின்று அளந்து சுவரில் எழுதினாள். அளந்ததில் ஒரு தப்பும் கண்டுபிடித்தாள்: கதவைத் திறந்து வைத்துவிட்டாள். மறுபடி அளந்தாள். மறுநாள் அச்சகக்காரர் யாரிடமும் சொல்லாமல் போய் காதில் மாட்டுகிற கவசம் இரண்டு வாங்கி வந்து மிஷின் மேல் வைத்தார். மூன்றாம் நாள் மிஷின்காரரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனார். கெட்டது கெட்டதுதான், இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னாராம். மிஷின்காரர் அதை ஏதோ பரிசு வாங்கியவர்போல் எல்லோரிடமும் சொன்னார்.

அதற்குப் பிறகு டீச்சரம்மாவுக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. குடையும் ஒரு சின்ன நோட்டுமாகக் கிளம்பிவிடுவார். மருந்துக் கடைக்காரர், ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவர், ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பெண்கள், மின்கம்பி பழுது பார்க்கிறவர். "உங்களுக்குத் தெரியாதது எது?" என்று கேட்டால் முதலில் எல்லோரும் முறைத்தார்கள். "உங்க வேலையில எது உங்களைக் குழப்புது?" என்று மாற்றிக் கேட்டுப் பார்த்தார். அப்புறம் அவர்களை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. ரொட்டிக்காரர் மாவுக் கையோடு தெருமுனை வரை கூடவே பேசிக்கொண்டு வந்தார். கேட்கப் போன இடத்திலெல்லாம் டீ கொடுத்தார்கள். இத்தனை வருடம் அதே தெருவில் இருந்தும் இத்தனை பேர் வீட்டு டீயை அவர் குடித்ததில்லை.

மழை விட்ட அன்று, மத்தியானச் சாப்பாட்டில் கணவர் அவித்த முட்டையை உரித்துக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னார்:

"அதுல என் கேள்வி ஒன்னைப் போட்டுக்கறியா?"

"சொல்லுங்க."

"நேத்து வரைக்கும் எல்லாருக்கும் வேண்டியிருந்த வேலை இன்னைக்கு வேண்டாம்னு ஆயிடுச்சுன்னா, அதைச் செஞ்சவன் என்ன பண்ணுவான்? அவனுக்கு என்னெல்லாம் தெரியும், அதுல எது இன்னும் உதவும்? இதுக்கு எத்தனை மார்க் வேணா போட்டுக்கோ."

டீச்சரம்மா அவருக்கு உப்பை நகர்த்தி வைத்தார். பிறகு எழுந்து போய் நோட்டை எடுத்து, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். இது எத்தனை நாளாக அவர் நெஞ்சில் கிடந்ததோ என்று நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை.

"லேபிள்காரன்கிட்ட என்ன சொல்லட்டும்?" என்றார் கணவர்.

"அதையும் அடிங்க. காலையில லேபிள், சாயங்காலம் கேள்வி."

அப்படித்தான் அடித்தார்கள். காகிதம் வெயிலில் ஆறி, மிஷின்காரர் கையில் சொன்ன பேச்சுக் கேட்டது. நாற்பத்திரண்டு கேள்விகள், பாதிக்கு மேல் வெற்றுப் பக்கம். பைண்டிங் அக்கா தன் கேள்வி இருந்த பக்கம் வரும்போதெல்லாம் ஒரு தேய்ப்பு அதிகமாகத் தேய்த்தார். அதே மஞ்சள் அட்டைதான், ஆனால் அதில் பேராசிரியர் குழு இல்லை. கேள்வி கொடுத்தவர்களின் வேலைகள் வரிசையாக இருந்தன.

பள்ளிக்கூடம் வாங்கியது. பெற்றோர்கள் வந்தார்கள், சண்டைக்கு. முதல் வாரத்தில் இரண்டு பேர், பதில் அச்சாகவில்லை என்று புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்லியே அச்சகக்காரருக்குத் தொண்டை கட்டிப்போனது.

மூன்றாவதாக ஒரு பஸ் டிரைவர் வந்தார். காக்கிச் சட்டை, கையில் சோற்றுத் தூக்கு, கூடவே பள்ளிச் சீருடையில் மகள். வந்தவர் புத்தகத்தை மேசையில் போட்டார்.

"இது என்னங்க கூத்து? பாதிப் பக்கம் அச்சே விழலை."

"எழுதறதுக்கு விட்ட இடம் சார் அது," என்றார் அச்சகக்காரர், பழக்கத்தில்.

"எழுதறதுக்கு நோட்டு இல்லையா? பதில் எங்க? இத்தனை வருஷமா மஞ்சள் அட்டைன்னா பதில் இருக்கும். எம் பொண்ணு மூணு நாளா என் உசிரை வாங்குது. சாப்பிட உக்காந்தா கேள்வி, படுத்தா கேள்வி. டியூட்டி முடிஞ்சு வர்ற மனுஷன்கிட்ட கேக்கற கேள்வியா இதெல்லாம்?" புத்தகத்தைப் பிரித்து, கைக்கு வந்த பக்கத்தை உரக்கப் படித்தார். "இந்தா பாருங்க. 'ஒரு மணி நேரமாக வராத பேருந்து, வரும்போது மட்டும் ஏன் இரண்டாகச் சேர்ந்து வருகிறது? ஓட்டுநர்களின் சோம்பல்தான் காரணமா? விசாரித்து எழுதுக.'"

படித்து முடித்ததும் அவர் முகம் மாறியது.

"சோம்பலா? யாரு எழுதினது இதை?"

"நான்தான்," என்றார் டீச்சரம்மா.

"நீங்க என்னைக்காவது டிரைவர் சீட்ல உக்காந்திருக்கீங்களா? இங்க பாருங்கம்மா." தூக்கை மேசையில் ஒரு பக்கம் வைத்தார். பசை டப்பாவை இழுத்து அதற்குப் பின்னால் வைத்தார். "இது முன்னாடி பஸ். இது பின்னாடி பஸ். பத்து நிமிஷம் வித்தியாசம். முன்னாடி பஸ்ல ஒருத்தர் முடியாதவரு ஏர்றாரு, ரெண்டு நிமிஷம் லேட்டு. அந்த ரெண்டு நிமிஷத்துல அடுத்த ஸ்டாப்ல இன்னும் நாலு பேர் சேந்துடறாங்க. அவங்க ஏற இன்னும் லேட்டு. அதுக்கடுத்த ஸ்டாப்ல எட்டுப் பேரு. பின்னாடி வர்றவனுக்கு ஏத்த ஆளே இல்ல, காத்தா வர்றான். வந்து முட்டிட்டு நிக்கறான்." பசை டப்பா தூக்கில் 'டங்'கென்று முட்டியது. "ரெண்டு பேரும் ஒழுங்காத்தான் ஓட்டினோம். ஒருத்தரும் சோம்பேறி இல்ல. ஆனா ஸ்டாப்ல நிக்கறவங்க எங்களைத் திட்டுவாங்க."

"அப்பா, இதை நீ எனக்குச் சொல்லவே இல்லையே!" என்றாள் அவர் மகள். வெற்றுப் பக்கத்தைத் திறந்து வேக வேகமாக எழுத ஆரம்பித்திருந்தாள்.

"நீ பஸ்ஸைப் பத்தியா கேட்ட? முதல் பக்கத்துலேர்ந்து மருந்து மாத்திரைன்னு கேட்டுக்கிட்டிருந்த!"

அச்சகக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். டிரைவர் புத்தகத்தை மறுபடி எடுத்தார். அந்த வரியை விரலால் தட்டினார்.

"பதில் இல்லாதது இருக்கட்டும்மா. இந்தக் கேள்வியே தப்பு. சோம்பலான்னு கேட்டா, கேக்கும்போதே பழியப் போட்டாச்சு. பிள்ளைங்க அதைத்தான் தேடும்."

பத்தொன்பது வருடத்தில் பதில் தப்பு என்று சொல்லிக்கொண்டு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். கேள்வி தப்பு என்று ஒருவரும் வந்ததில்லை. டீச்சரம்மா அந்த வரியைத் தானும் ஒருமுறை படித்துப் பார்த்தார். டிரைவர் சொன்னது சரிதான். கேள்வி சேர்க்கப் போனபோது பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களைத்தான் விசாரித்தார். ஓட்டுகிறவர் ஒருவரைக்கூட விசாரிக்கவில்லை.

"நீங்க சொல்றது சரி," என்றார். "அடுத்த தடவை அடிக்கறப்ப மாத்திடறேன். எப்படிக் கேக்கணும், நீங்களே சொல்லுங்க."

"நானா?"

"உங்களுக்குத்தானே தெரியும்."

டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். டியூட்டிக்கு இன்னும் நேரம் இருந்ததுபோல. அச்சகக்காரர் நாற்காலியில் இருந்த லேபிள் கட்டை எடுத்துத் தரையில் வைத்தார். டிரைவர் உட்கார்ந்தார். டீச்சரம்மா பேனாவைத் திறந்து காத்திருந்தார். டிரைவர் தூக்கைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். பசை டப்பாவைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார்.

"இருங்க," என்றார். "யோசிக்கிறேன்."

அவர் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.